என்னத்தத் தப்பாத் தின்னுபோட்டேன்?

32 வருடம் செம்பருத்திப் பூவைக் கசக்கிப் பிழைத்தவள் நான். கோவையில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஒவ்வொரு ஜூன் மாதமும் புது வகுப்புக்கு முதல் நாள் ஒரே வித்தைதான். பத்துப் பூவின் இதழ்களை வெந்நீரில் போட்டுக் கசக்கி, அந்தச் சாற்றை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுவேன். ஒன்றில் எலுமிச்சையைப் பிழிந்தால் சாறு ரோஜா நிறத்தில் பளிச்சென்று சிவக்கும். இன்னொன்றில் ஒரு சிட்டிகை சலவைச் சோடா போட்டால் பச்சையாகும். பின்வரிசைப் பிள்ளைகள்கூட எழுந்து நின்று பார்ப்பார்கள்.

"இந்த நிறத்துக்குப் பேரு ஆந்தோசயனின். ஃபிளேவனாய்டுன்னு ஒரு பெரிய குடும்பம் இருக்கு, அதுல இது ஒரு பிள்ளை" என்று ஆரம்பித்து, கரும்பலகையில் இரண்டு அறுகோண வளையங்களை வரைந்து, நடுவில் மூன்று கார்பனால் பாலம் போடுவேன். இந்த ஒரு எலும்புக்கூட்டின் மேல் அங்கங்கே சில அணுக்களை மாற்றி மாற்றி ஒட்டவைத்து, செடிகொடிகள் பல ஆயிரம் சேர்மங்களைச் செய்து வைத்திருக்கின்றன. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்க, பூச்சியை விரட்ட, தேனீயைக் கூப்பிட என்று எல்லாமே அவற்றின் சொந்தத் தேவைக்கு. மனுசனுக்கு மருந்தாகட்டும் என்று எந்தச் செடியும் இதைச் செய்யவில்லை. இந்தக் கடைசி வரியை மட்டும் நான் வகுப்பில் சொன்னதே கிடையாது. சொல்லியிருந்தால் எனக்காவது நினைவில் நின்றிருக்கும்.

நான் சொன்னதெல்லாம் வேறு. வெங்காயத்தில் குவர்செடின், முருங்கைக்கீரையில் கேம்ப்ஃபெரால், எலுமிச்சையிலும் ஆரஞ்சிலும் ஹெஸ்பெரிடின், நீலகிரித் தேயிலையில் கேட்டெச்சின், நாவல்பழத்தில் ஆந்தோசயனின் என்று அடுக்கிவிட்டு, "நம்ம ஊர்ச் சாப்பாடு சாப்பிடறவளுக்குக் கேன்சர் வராது" என்று முடிப்பேன். வகுப்பில் தொடங்கிய இந்தப் பேச்சு ஆசிரியர் அறைக்குப் போயிற்று. அங்கிருந்து கல்யாண வீட்டுப் பந்தி, சீர் வீடு, எழவு வீட்டுத் திண்ணை என்று எங்கும் போயிற்று. "மிஸ் சொல்றாங்க" என்றால் எங்கள் சொந்தத்தில் மறுபேச்சுக் கிடையாது. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

என் பேச்சுக்கு நான் காட்டிய உதாரணம் என் அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். அன்னூர் தாண்டி ஒரு ஊரில், கிணற்றுப் பாசனத்து மூன்று ஏக்கராவோடு வாழ்க்கைப்பட்டவள். அம்மா போன பிறகு என்னைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதும் அவள்தான். அவள் அடுப்பங்கரையில் வாரத்துக்கு மூன்று நாள் சோளமோ கம்போ வேகும். கொள்ளு வேகவைத்தால் தண்ணீரை இறுத்து ரசம் வைத்து, பருப்பைச் சின்ன வெங்காயமும் கொத்தமல்லி விதையும் வரமிளகாயும் சேர்த்துக் கடைவாள். வரப்போரத்துப் பண்ணைக்கீரை, வேலியோரத்து முருங்கை, மழைக்குப் பிறகு குமிட்டிக்கீரை. கடையில் வாங்குவது உப்பும் எண்ணெயும்தான் என்று சொல்லிவிடலாம். "எங்கக்காவப் பாருங்க, அறுவது வயசுக்கு மேலயும் ஒரு மாத்திரை கெடையாது" என்பேன்.

2018 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காந்திபுரத்தில் பஸ் ஏறி, சரவணம்பட்டி, கோவில்பாளையம் தாண்டிப் போய் இறங்கினேன். மாமா தோட்டத்துக்குப் போயிருந்தார். அக்கா கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங் கண்ணு, இங்க சித்தத் தொட்டுப் பாரு. கடலைக்காப் பருப்பாட்டம் ஒண்ணு உருளுது."

இடது மார்பில், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே. தொட்டேன். கெட்டியாக இருந்தது.

"வலிக்குதாக்கா?"

"வலியொண்ணும் இல்லீங் கண்ணு. அதான் வெசனமா இருக்குது."

வலி இல்லாததுதான் கவலைப்பட வேண்டியது என்று அவளுக்கு எப்படியோ தோன்றியிருக்கிறது. எம்.எஸ்ஸி. படித்த எனக்குத் தோன்றவில்லை. "கொழுப்புக் கட்டியா இருக்கும். நீ சாப்பிடற சாப்பாட்டுக்கு உனக்கெல்லாம் ஒண்ணும் வராதுக்கா" என்றேன். அன்று மத்தியானம் கொள்ளு ரசம் ஊற்றி இரண்டு தரம் சாப்பிட்டுவிட்டு, ஒரு பை முருங்கைக்கீரையோடு ஊர் திரும்பினேன்.

அந்தக் கட்டி ஐந்து மாதம் அப்படியே கிடந்தது. சொன்னவள் 'மிஸ்' ஆயிற்றே, அக்கா வேறு யாரிடமும் கேட்கவில்லை. தைப் பொங்கலுக்கு வந்த அவள் மருமகள் பார்த்துப் பதறித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மேமோகிராம், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனை என்று ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்தது. புற்றுநோய், அக்குள் நெறிக்கட்டிகளிலும் இறங்கியிருந்தது. ஆவணியிலேயே போயிருந்தால் நெறிக்கட்டி வரை வந்திருக்காதா என்று கேட்டால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஐந்து மாதம் யார் கணக்கில் எழுதப்படும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆபரேசனுக்கு முந்தின நாள் ராத்திரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அக்கா கேட்டாள்:

"ஏன் அம்மிணி, நம்மூட்டுச் சாப்பாடு சாப்புட்டா வராதுன்னியே. நான் என்னத்தத் தப்பாத் தின்னுபோட்டேன்?"

அவள் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கல்யாண வீட்டில் தின்ற ஐஸ்கிரீமா, பேரன் வாங்கி வந்த பரோட்டாவா, பக்கத்துத் தோட்டத்துக்கு மருந்தடித்த அன்று பறித்த கீரையா என்று அறுபத்தைந்து வருடத்துச் சோற்றை உருண்டை உருண்டையாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு காப்பாற்றும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்கு ஒரு மறுபக்கம் இருப்பது அன்றைக்குத்தான் உறைத்தது. சரியாகச் சாப்பிட்டால் வராது என்றால், வந்தவள் தப்பாகச் சாப்பிட்டவள் ஆகிவிடுகிறாள். நோயோடு சேர்த்து அவள் தலையில் ஒரு குற்றத்தையும் ஏற்றி வைத்தது நான்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கையால் ஏதாவது செய்து கழுவிவிடலாம் என்று கிளம்பினேன். இரண்டாவது தப்பு அங்கே தொடங்கியது.

செல்போனில் தேடினேன். குவர்செடின் மாத்திரை, ஒன்று 500 மில்லிகிராம். பச்சைத் தேயிலைச் சத்து மாத்திரை. மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரை. மஞ்சளில் இருக்கும் குர்குமின் ஃபிளேவனாய்டு இல்லை, தூரத்துச் சொந்தம் என்று எனக்குத் தெரியும். ஆனால் 2019இல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்த சமயம் அது, 'நம்ம மஞ்சள்' என்ற பெருமையில் அதையும் சேர்த்துக்கொண்டேன். மூன்று டப்பாவும் வந்தன. கீமோ ஆரம்பித்த வாரத்திலிருந்து காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று அக்காவுக்குக் கொடுத்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டதில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று தெரிந்தே சொல்லவில்லை.

அந்த 500 மில்லிகிராம் என்பது எவ்வளவு என்று அப்போது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். நூறு கிராம் வெங்காயத்தில், ரகத்தைப் பொறுத்து, சுமாராக 20 முதல் 40 மில்லிகிராம் குவர்செடின் இருக்கும். ஒரு மாத்திரைக்கு ஒன்றேகால் கிலோவிலிருந்து இரண்டரை கிலோ வெங்காயம். நாளைக்கு இரண்டு மாத்திரை. எந்த மனுசிக்காவது தினமும் மூன்று கிலோ வெங்காயத்தை ஊட்டுவேனா? உருண்டையாக, மினுமினுப்பாக, 'இயற்கை' என்று எழுதிய டப்பாவில் இருந்ததால் ஊட்டினேன்.

மூன்றாவது கீமோவுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் எகிறியிருந்தன. அன்றைக்குக் கீமோ கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறு வாரமும் இறங்கவில்லை. அப்போதுதான் டாக்டரம்மா, "வேற எதாச்சும் மாத்திரை, சூரணம், லேகியம் தர்றீங்களா?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் கைப்பையிலிருந்து மூன்று டப்பாவையும் எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "நீங்க கெமிஸ்ட்ரி டீச்சர்னு சொன்னீங்கல்ல?" என்றார்.

"ஆமாங்க டாக்டர்."

"ஒரு டெஸ்ட் டியூப்ல ஒரே நேரத்துல நாலு கரைசலை ஊத்திட்டு, நிறம் எதனால மாறுச்சுன்னு பிள்ளைங்ககிட்டக் கேப்பீங்களா?"

32 வருடத்தில் எந்த ஆய்வு அலுவலரும் என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

கீமோ மருந்தே கல்லீரலைத் தொந்தரவு செய்யக்கூடியது, மாத்திரையால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இப்போது எதையுமே சொல்ல முடியாதபடி ஆக்கிவிட்டீர்கள் என்றார் அவர். மாத்திரையை நிறுத்தினோம். நொதிகள் மெல்ல இறங்கின. மூன்று வாரம் தள்ளித்தான் அடுத்த கீமோ போட முடிந்தது. முன்னே ஐந்து மாதம், இப்போது மூன்று வாரம். இரண்டுமே நான் தின்ற நாட்கள்.

அதற்குப் பிறகுதான் நான் உருப்படியாகப் படிக்க உட்கார்ந்தேன். இதைச் சாப்பிட்டால் அது வராது என்கிற தலைப்புகளைத் தள்ளிவிட்டு, ஆய்வுகள் எப்படிச் செய்யப்பட்டன என்று பார்த்தேன். வகுப்பில் சொல்லியிருக்க வேண்டியவை எல்லாம் அங்கே இருந்தன.

முதல் பாடம் கண்ணாடித் தட்டைப் பற்றியது. 'குவர்செடின் புற்றுசெல்லைக் கொன்றது' என்று வருகிற செய்திகளில் பெரும்பாலானவை ஆய்வகத் தட்டில் செல்லை வளர்த்து அதன்மேல் நேரடியாக மருந்தை ஊற்றிப் பார்த்தவை. வெங்காயம் சாப்பிட்டு நம் ரத்தத்தில் ஏறுகிற அளவைப்போலப் பல மடங்கு அங்கே ஊற்றப்படுகிறது. அதோடு, உடம்பு ஃபிளேவனாய்டை வேற்றாளாகத்தான் பார்க்கிறது. குடல் சுவரும் கல்லீரலும் அதன்மேல் வேறொரு மூலக்கூறை ஒட்டி, சீக்கிரம் வெளியே அனுப்பப் பார்க்கின்றன. உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போவதை அங்குள்ள நுண்ணுயிர்கள் உடைத்துச் சின்னச் சின்ன அமிலங்களாக்குகின்றன. தட்டில் ஊற்றிய பொருளும் ரத்தத்தில் ஓடுகிற பொருளும் பேரில்தான் ஒன்று.

அப்படியானால் நன்மையே இல்லையா? இருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் வேறு வழியில். சின்ன அளவில் தினமும் வந்துபோகிற இந்த வேற்றாள், செல்லுக்குள் இருக்கிற பாதுகாப்பு நொதிகளை உசுப்பிவிடுகிறது, நாள்பட்ட அழற்சியைத் தணிக்கிறது என்பது ஆய்வாளர்கள் வைக்கிற விளக்கம். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சுவோம். இன்றைக்கு இந்தப் பாத்தி, நாளைக்கு அந்தப் பாத்தி. ஒரே நாளில் கிணற்றை வத்த இறைத்து ஒரு பாத்தியில் கொட்டினால் வெங்காயம் அழுகிப்போகும், கிணறும் வறண்டுபோகும். தோட்டக்காரன் மகளான நான் அக்கா உடம்பில் அதைத்தான் செய்தேன்.

மனிதர்களை வைத்துப் பார்த்த ஆய்வுகள் இன்னும் நிதானமாகப் பேசுகின்றன. 1993இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், 65 முதல் 84 வயது வரையுள்ள 805 ஆண்களைத் தொடர்ந்து பார்த்தவர்கள், ஃபிளேவனாய்டு அதிகம் சாப்பிட்டவர்களிடம் இதய நோய் மரணம் குறைவு என்று கண்டார்கள். அதே ஊர்க்காரர்களிடம் புற்றுநோயைப் பார்த்தபோது அப்படித் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. டென்மார்க்கில் 56,048 பேரை 23 வருடம் கவனித்து 2019இல் வெளியான ஆய்வில், மிதமான அளவில் ஃபிளேவனாய்டு சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் மரணமும் குறைவாக இருந்தது. நாளுக்கு 500 மில்லிகிராம் அளவைத் தாண்டிய பிறகு மொத்த மரணத்தில் மேற்கொண்டு லாபம் தெரியவில்லை. அந்த 500ம் பல வகைச் சேர்மங்கள் கலந்தது. ஒரு கப் தேநீர், ஒரு ஆப்பிள், ஒரு ஆரஞ்சு, கொஞ்சம் பெர்ரிப் பழம், கொஞ்சம் புரொக்கோலி என்று தட்டில் பிரிந்து வந்தது. நான் கொடுத்ததுபோல ஒரே சேர்மத்தை ஒரே விழுங்கில் இல்லை. இன்னொன்று: பழமும் காயும் அதிகம் சாப்பிடுகிறவர்கள் பொதுவாகப் புகைப்பதும் குறைவு, நடப்பதும் அதிகம். எது எதனால் என்று பிரிப்பது கடினம் என்பதை அந்த ஆய்வாளர்களே மறைப்பதில்லை.

மாத்திரையாகப் பிழிந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய படிப்பினை ஒன்று இருக்கிறது. பீட்டா கரோட்டின் ஃபிளேவனாய்டு இல்லை, ஆனால் அதுவும் தாவர நிறமிதான். காரட் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பார்த்துவிட்டு, பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பவர்களைச் சேர்த்து ஒரு சோதனை நடத்தினார்கள். 1994இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. காரட் செய்யாத வேலையை மாத்திரை செய்தது.

என் டப்பாக்களைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். பச்சைத் தேயிலைச் சத்தை மாத்திரையாக அதிக அளவில் எடுத்தால் கல்லீரல் நொதிகள் உயரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018லேயே, அதாவது நான் வாங்குவதற்கு முன்பே, சொல்லிவிட்டது. நான் மிளகுச் சத்து சேர்ந்ததாகப் பார்த்து வாங்கினேன், மஞ்சள் நன்றாக உடம்பில் ஒட்டும் என்று. மிளகிலுள்ள பைப்பரின் கல்லீரலின் மருந்து வெளியேற்றும் நொதிகளைத் தடுப்பதால்தான் ஒட்டுகிறது. கீமோ மருந்துகள் பலவற்றை வெளியேற்றுவதும் அதே கல்லீரல்தானே? ரத்தப் புற்றுநோய்க்குத் தருகிற போர்டெசோமிப் என்ற மருந்தைப் பச்சைத் தேயிலைச் சேர்மம் ஆய்வகத்தில் செயலிழக்கச் செய்துவிட்டது என்று 2009லேயே எழுதியிருந்தார்கள். ரசத்தில் தட்டிப் போடுகிற நாலு மிளகுக்கும், காலையில் குடிக்கிற ஒரு தம்ளர் டீக்கும் இதில் சம்பந்தம் இல்லை. அளவுதான் சங்கதி.

இன்னொரு கூத்தும் அப்போதுதான் கண்ணில் பட்டது. மாமாவுக்குச் சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை பாக்கு போடாமல் முடியாது. சாயங்காலம் கொஞ்சம் புகையிலையும் சேர்ந்துகொள்ளும். கொள்ளு ரசத்தின் மகிமையை நான் அந்தத் திண்ணையில் மணிக்கணக்காகப் பேசியபோதெல்லாம் அவர் பக்கத்தில் மென்றுகொண்டுதான் இருந்தார். கொட்டைப்பாக்கு சுத்தமான மரத்துச் சரக்கு. துவர்ப்பான பாலிஃபீனால்கள் அதில் நிறைய, தேயிலையிலுள்ள கேட்டெச்சின் உட்பட. ஆனால் புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியிருக்கிறது. எதைச் சேர்த்துக்கொள்வது என்று ஆயிரம் பேசினேன், எதை விடுவது என்று அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமா ஆயிற்றே, எப்படிச் சொல்வது என்ற கூச்சம். புகையிலை, பாக்கு, மது, உடல் பருமன், கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான வைரஸ் இவை பற்றியெல்லாம் உறுதியான சான்று இருக்கிறது. கூச்சமில்லாமல் பேச முடிந்த கீரையைப் பற்றி மட்டும் நான் பேசியிருக்கிறேன்.

அக்காவுக்குக் கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தன. முடி திரும்ப முளைத்தது, முன்னைவிடச் சுருட்டையாக. நான் 2021இல் ஓய்வு பெற்றேன். இப்போது மாதத்தில் பத்து நாள் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். அங்கே எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை வெங்காயம் உரிப்பது.

முதல் நாள் உரித்தபோது அக்கா முறத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அம்மிணி, பாதி வெங்காயத்தத் தோலோடயே கடாசியிருக்கிற?" என்றாள். டவுனில் அவசரத்துக்கு உரித்துப் பழகிய கை. காகிதம் மாதிரி இருக்கிற மேல்தோலோடு, அதற்கடுத்த கத்தரிப்பூ நிறத்து மொறமொறப்பான சதைப் பட்டையையும் சேர்த்தே நான் உரித்து எறிந்துவிடுவேன், அதுதான் சுலபம். பாதி நாள் கடையில் உரித்து வைத்த பாக்கெட் வெங்காயம்தான். அக்கா அப்படிச் செய்யமாட்டாள். வெங்காயத்தைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு வைப்பாள். தலையையும் வேரையும் நுனியளவு கிள்ளுவாள். கட்டைவிரல் நகத்தால் காகிதத்தோலை மட்டும் ஒரு சுற்றில் கழற்றுவாள். அந்த ஊதாப் பட்டை வெங்காயத்திலேயே பளபளவென்று நிற்கும்.

குவர்செடின் வெங்காயத்தின் நடுக்குருத்தைவிட வெளிப்பட்டைகளில்தான் அதிகம். அதாவது டப்பாவுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்த அதே நாட்களில், நான் வீட்டுக் குப்பைக்கூடையில் அதைக் கொட்டிக்கொண்டிருந்தேன். வெந்நீரில் போட்டால் இந்தச் சேர்மங்களில் ஒரு பங்கு தண்ணீரில் இறங்கிவிடும். கொள்ளு வேகவைத்த தண்ணீரை இறுத்து ரசம் வைக்கிற வீட்டில் அது வட்டலுக்கே திரும்பி வந்துவிடுகிறது. செஞ்சோளத்தின் நிறமும் கேழ்வரகின் நிறமும் அவற்றின் மேலுறையில் இருக்கின்றன, தீட்டித் தீட்டி வெள்ளையாக்கினால் தவிட்டோடு போய்விடும். அக்காவுக்கு இதில் ஒரு பெயரும் தெரியாது. "சாமானத்த வீணாக்கக் கூடாது" என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்த வேதியியல். அந்தச் சமையல் நல்ல சமையல் என்பதில் இப்போதும் எனக்குச் சந்தேகமில்லை. அதில் நார் இருக்கிறது, இதயத்துக்கு நல்லது, சர்க்கரை மெதுவாக ஏறும். புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யலாம். 'குறைக்கலாம்' என்பதற்கும் 'வராது' என்பதற்கும் நடுவில் என் அக்கா இருக்கிறாள்.

போன வருடம் ஒரு நாள் அப்படி உரித்துக்கொண்டிருக்கும்போது அக்கா திடீரென்று கேட்டாள்.

"ஏங் கண்ணு, கூடப் பொறந்தவளுக்கு வந்தா உனக்கும் வர வாய்ப்பு எச்சுன்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்களே. நீ போய்ப் பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. அக்காவின் எல்லாப் பரிசோதனைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், பின்லாந்து டென்மார்க் ஆய்வையெல்லாம் கரைத்துக் குடித்தவள், என் மார்பை ஒரு டாக்டரிடமும் காட்டியதில்லை. முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு தரம் மார்பகமும் கருப்பை வாயும் வாயும் பரிசோதிக்க வேண்டும் என்று அரசாங்கத் திட்டமே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கூடக் கேட்கமாட்டார்கள். என் பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே ஒன்று இருந்தது. வேலை இருக்கிறது, விடுமுறையில் பார்ப்போம் என்று தள்ளியதற்கெல்லாம் அடியில் பழைய நினைப்பு ஒன்று இன்னும் சாகாமல் கிடந்தது: நான் நன்றாகத்தானே சாப்பிடுகிறேன்.

சென்னையில் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கியதற்குப் பின்னால், புற்றுநோயில் இறந்துபோன அவருடைய தங்கையின் நினைவு இருந்தது என்று படித்திருக்கிறேன். ஒரு தங்கையின் சாவிலிருந்து ஒரு ஆஸ்பத்திரி எழுந்தது. நான் உயிரோடு இருக்கிற அக்காவிடமிருந்துகூட ஒரு பரிசோதனைச் சீட்டு அளவுக்குக் கற்றுக்கொள்ளவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அக்காவே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இந்த முறை அவள் வரிசையில் உட்கார்ந்து என் கைப்பையைப் பிடித்துக்கொண்டாள். மேமோகிராம் இயந்திரத்தின் தட்டு இத்தனை சில்லென்று இருக்கும் என்று அவள் ஒரு தரமும் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருடா வருடம் வந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தோம். சாயங்காலக் கொள்ளுப் பருப்புக்கு வெங்காயம் ஊறிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் கடன் வைத்திருந்த பதிலை அப்போதுதான் சொன்னேன்.

"அக்கா, ஆபரேசனுக்கு மொத நாளு ஒண்ணு கேட்டியே. நீ ஒண்ணும் தப்பாத் தின்னல. வயசு, உடம்பு வாகு, செல்லு பிரியறப்ப வர்ற பிசகு, இப்படிப் பல காரணம். பாதிக்கு மேல யாருக்கும் தெரியாது. நீ தின்னதுல தப்பு இல்ல, நான் சொன்னதுலதான் தப்பு."

அவள் கை நிற்கவில்லை. ஒரு வெங்காயத்தைச் சுற்றிக் காகிதத்தோலைக் கழற்றி முறத்தில் போட்டாள். ஊதாப் பட்டை முழுசாக இருந்தது.

"அது எனக்கு அப்பவே தெரியுங் கண்ணு" என்றாள். "உம்பட வாயில வரட்டும்னுதான் இருந்தேன். சரி, மாமன்கிட்டப் பாக்கு விஷயத்த எப்பப் பேசப்போற?"